பத்தடிக்கு ஆறடிச் சிரிப்பு

சுகந்தியோட முகம் போனது ஒரு வியாழக்கிழமை காலைல, பதினொரு மணி டீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால. நான் அப்ப செக்கிங் டேபிள்ல நின்னு துணில புள்ளி விழுந்திருக்கா, கறை இருக்கான்னு பாத்துட்டு இருந்தேன். அதனால இதை யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லல, என் ரெண்டு கண்ணால பாத்துச் சொல்றேன். நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க எங்க கம்பெனிக்கு வந்து அவளையே பாத்துட்டுப் போங்க, அவ இன்னும் அங்கதான் வேலை செய்யறா.

திருப்பூர்ல கம்பெனின்னாலே பனியன் கம்பெனின்னு நெனப்பாங்க, எங்களுது அது இல்லைங்க. பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடைல எல்லாம் சுவத்துல ஆள் உயரத்துக்கு மேல ஒரு பொம்பளை சிரிச்சுட்டு நிப்பா, பின்னால லைட்டு எரியும், கண்ணாடின்னு நெனச்சுத் தொட்டுப் பாத்தா துணியா இருக்கும், அந்தத் துணியை அடிக்கிறது நாங்கதான். படத்தை முதல்ல பேப்பர்ல அடிச்சு, அந்தப் பேப்பரையும் வெள்ளைத் துணியையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, இருநூறு டிகிரி சூட்டுல சுத்திட்டே இருக்கற பெரிய உருளைக்குள்ள விட்டா, பேப்பர்ல இருக்கற சாயம் ஆவியாகித் துணிக்குள்ள ஏறிரும். அந்தப் பக்கம் வர்றப்ப துணி பளபளன்னு வரும், பேப்பர் வெளிறிப்போய், சாய்ச்சுப் பாத்தா மட்டும் கண்ணு எங்கே மூக்கு எங்கேன்னு தெரியற மாதிரி வரும். துணி கடைக்குப் போகும், பேப்பர் கூடைல விரிக்கறதுக்குத் தக்காளி மண்டிக்குப் போகும்.

இதுல ஒரு கணக்கு இருக்குது. துணியை ஃப்ரேமை விட ஒண்ணரை இஞ்சு குறைச்சுத்தான் வெட்டோணும். சுத்தி வர ரப்பர் பட்டி வெச்சுத் தைச்சு, கடைல இருக்கற அலுமினிய ஃப்ரேமோட ஓரத்துக் காடிப் பள்ளத்துக்குள்ள நாலு மூலையையும் முதல்ல அமுக்கி, அப்புறம் பக்கத்தை எல்லாம் கட்டை விரலால அமுக்கி அமுக்கி ஏத்துனா, குறைஞ்சு நிக்கற துணி எட்டாம எட்டி, இழுத்துப் பிடிச்சு, சுருக்கம் இல்லாம விறைச்சு நிக்கும். சரியா வெட்டிட்டோம்னா தொங்கிரும். எங்க ஓனர் சொல்லுவாரு, குறைச்சாத்தான் அழகுன்னு. துணியைப் பத்தி மட்டும் சொல்றாருன்னு நாங்க ரொம்ப நாளு நெனச்சுட்டு இருந்தோம்.

அந்த ரப்பர் பட்டி தைக்கறதுல சுகந்தியை அடிச்சுக்க ஆளில்லை. அவ புருஷன் பூபதி எங்க கம்பெனிலயே ஃபிட்டர், ஊரூராப் போய் கடைல துணி மாட்டிட்டு வருவான். ஒண்ணாம் கிளாஸ் படிக்கற மகள் ஒருத்தி, தர்ஷிகான்னு பேரு, வாயாடி. அவங்க வீடும் என் வீடும் ஒரே லைன்ல, நடுவுல ஒரு செவுரு. அந்தப் புள்ள அம்மா மடியை விட்டு எறங்காது, ஆறு வயசாகியும் அவ ஊட்டினாத்தான் சோறு எறங்கும். சுகந்தி தைக்கறப்பக்கூட பள்ளிக்கூடம் விட்டு வந்து அவ முதுகுல சாஞ்சுட்டு நிக்கும்.

கோயமுத்தூர்ல நாலு மாடி ஜவுளிக்கடை ஒண்ணு, கல்யாண சீசனுக்குப் புதுசாத் தொறக்கறாங்க, வாசல்ல பத்தடிக்கு ஆறடி கல்யாணப்பொண்ணு படம் வேணும்னு கேட்டிருந்தாங்க. ஒரு மாடல் பொண்ணு படத்தை அடிச்சு துணி ரெடியா இருந்துச்சு. புதன்கிழமை மத்தியானம் போன் வருது, அதே மாடல் பொண்ணு எதிர்க்கடை வாசல்லயும் சிரிச்சுட்டு நிக்கறாளாம், வேற முகம் வேணுமாம், வெள்ளிக்கிழமை காலைல ஃப்ரேம்ல இருக்கோணுமாம். ஓனர் தலைல கை வெச்சு உக்காந்துட்டாரு. நான்தான் வாயை வெச்சுட்டு சும்மா இல்லாம, கேலிக்கு, “ஏன் சார், நம்ம சுகந்திக்கு என்ன கொறைச்சல்?”னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஓனர் சிரிக்கல. அவர் துணியைப் பாக்கற மாதிரி சுகந்தியைப் பாத்தாரு.

அரை மணி நேரத்துல அவளுக்குப் பட்டுச்சேலையை முன்பக்கம் மட்டும் சுத்தி, பின்னால கிளிப் போட்டு நிறுத்திட்டாங்க. நிக்கறா, அழகா நிக்கறா, சிரிப்புத்தான் வரல, பல்லு வலிக்காரி மாதிரி முழிக்கறா. போட்டோக்காரன் நூறு தடவை “ஸ்மைல்க்கா, ஸ்மைல்க்கா”ங்கறான். கடைசில பூபதி போய்ப் பள்ளிக்கூடத்துல இருந்து புள்ளயக் கூட்டிட்டு வந்து கேமராவுக்குக் கீழ நிறுத்தினான். அது நின்ன உடனே, “அம்மா, இங்க பாரு, என் பல்லு ஆடுது!”ன்னு முன்பல்லை நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டுச்சு. சுகந்தி சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு, போட்டோ எடுத்தவனே கேமராவை எறக்கிட்டு அவளை ஒரு நிமிஷம் பாத்தான்.

மறுநாள் காலைல அந்தப் பேப்பர் உருளைக்குப் போச்சு. துணி கோணலா ஓடுச்சு, ஓனர், “சுகந்தி, அந்தப் பக்கம் நின்னு நேரா இழுத்துப் பிடி”ன்னாரு. அவ உருளைக்கு நேரா, மூஞ்சில அனல் அடிக்க நின்னு, அவ முகம் உள்ள போறதை அவளே நேராப் பிடிச்சு விட்டா. துணி அந்தப் பக்கம் வந்துச்சு. எங்க வாழ்நாள்ல அப்படி ஒரு நிறத்தை நாங்க பாத்ததில்லை, அது படமா இல்ல, சுகந்தியே பத்தடி உயரத்துல நின்னு நம்மளப் பாத்து இப்ப ஏதோ சொல்லப் போற மாதிரி இருந்துச்சு. நான் வாயைப் பொளந்து அதைப் பாத்துட்டு இருக்கறப்ப, பக்கத்துல இருந்து, “அக்கா, நல்லா வந்திருக்கா?”ன்னு சுகந்தி குரல் கேட்டுச்சு. திரும்பினேன். கழுத்து அவ கழுத்து, தோடு அவ தோடு. நடுவுல முகம் மட்டும் சாயம் போன பேப்பர்.

கண்ணு இருந்துச்சு, பாத்துச்சு. வாய் இருந்துச்சு, பேசுச்சு. ஆனா நீங்க உத்துப் பாக்கப் பாக்க அது வழுக்கிட்டுப் போகும், வெளிச்சத்துல சாய்ச்சு நிறுத்தினா மூக்கு இருக்கறது தெரியும், அவ்வளவுதான், பார்வையை எடுத்தா மறுநிமிஷம் அது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வராது. ஓனர் முதல்ல துணியைப் பாத்தாரு, அப்புறம் அவளைப் பாத்தாரு, அப்புறம் மறுபடியும் துணியைப் பாத்தாரு. “பீஸ் நல்லா வந்திருக்கு. சுகந்தி, நீ போய் டீ குடி”ன்னாரு. மிஷினை யாரும் நிறுத்தல, சூட்டுல நிறுத்தினா பெல்ட் கருகிரும். மத்தியானம் அந்தத் துணிக்கு ரப்பர் பட்டியும் அவளேதான் தைச்சா, மூலை மடிக்க வேற யாருக்கும் அவ அளவுக்கு வராது.

வெள்ளிக்கிழமை காலைல பூபதி அதைக் கோயமுத்தூர்ல மாட்டினான். திரும்பி வந்து என் வீட்டு வாசல்ல உக்காந்து, “ராஜாமணிக்கா, மூலையை அமுக்கறப்ப அவ கன்னத்தைப் பிடிச்ச மாதிரியே இருந்துச்சுக்கா, வெதுவெதுன்னு”ன்னு அழுதான். அழுதுட்டு, போய்ப் பொண்டாட்டி போட்ட சோத்தை அவ மூஞ்சியைப் பாக்காமத் தின்னான்.

ஊரு என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா? ஊரு என்ன பண்ணும், பழகிக்குச்சு. முதல் வாரம் பாக்க வந்தாங்க, ரெண்டாவது வாரம் யாரும் வரல. கம்பெனி வாசல்ல முகத்தைக் காட்டினா வருகை போடற மிஷின் அவளைக் கண்டுக்கல, நாலு நாள் ஆப்சென்ட் போட்டுச்சு, அப்புறம் அவளுக்கு மட்டும் கைரேகை வெச்சாங்க. பஸ்ல அவ ஏறினப்ப டிக்கெட் குடுத்த கண்டக்டரே, ஆளை மறந்துட்டு, எறங்கறதுக்குள்ள இன்னொரு டிக்கெட் எடுக்கச் சொல்லுவான். கல்யாண வீட்டுல வீடியோக்காரன், “அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபோகஸ் ஆக மாட்டேங்குது”ம்பான், அதனால அவளைப் பந்தில பரிமாறவே நிறுத்திக்கிட்டாங்க. லைன் வீட்டுப் பொம்பளைங்க சோறு உண்ணாத புள்ளைங்களை, “சுகந்தி அக்காவைக் கூப்புடட்டுமா?”ன்னு மிரட்டினாங்க, நானும் என் பேரனை ஒரு தடவை மிரட்டியிருக்கேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். பரு வந்த குமரிப் புள்ளைங்க, “உங்களுக்கென்னக்கா, கண்ணாடி பாக்கற தொல்லையே இல்ல”ன்னு சிரிச்சாங்க. கம்பெனில நாங்களே ஒரு சட்டம் போட்டோம், யார் படம் ஓடுதோ அவங்க உருளைகிட்ட நிக்கக் கூடாதுன்னு, செவப்புப் பெயிண்ட்ல எழுதி, எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டித் தொங்கவிட்டோம். ஓனர் அவரோட அறுபதாம் கல்யாணத்துக்குத் துணி அடிச்சப்ப, அவர் உருளைகிட்ட இல்ல, ஊர்லயே இல்ல, பழனிக்குப் போயிட்டாரு.

அவளைத் தையல்ல இருந்து எடுத்து உருளைக்கே மாத்தினதும் அவர்தான். அங்க நிக்கறவங்களுக்கு அனல் மூஞ்சில அடிச்சு தோல் உரியும், ஆறு மாசத்துக்கு மேல யாரும் தாங்க மாட்டாங்க. “உனக்கென்ன சுகந்தி, உனக்குத்தான் சூடு தெரியாதே”ன்னாரு. உண்மைதான், அவளுக்குத் தெரியல. நாங்களும், பாவம், நம்ம மூஞ்சி தப்பிச்சுதுன்னு இருந்தோம்.

எல்லாரும் பழகினோம், அந்தப் புள்ள மட்டும் பழகல. முதல் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, “அம்மா”ன்னு சேலையைப் பிடிச்சு மேல பாத்துச்சு, பாத்ததும் போட்ட சத்தத்துல லைன் வீடே கூடிருச்சு. குரல் அம்மா குரல்தாண்டா கண்ணு, கை அம்மா கைதான், தொட்டுப் பாருன்னு எல்லாரும் சொன்னோம். அது கண்ணை இறுக்கி மூடிட்டு, “இவங்க வேண்டாம், இவங்களப் போகச் சொல்லுங்க”ன்னுச்சு. ஆத்தாளை இவங்கன்னுது! அன்னைக்கு இருந்து அதுக்கு அவ ‘இவங்க’தான். இவங்க ஊட்ட வேண்டாம், இவங்க தலை சீவ வேண்டாம். என் வீட்டுல சாப்புட்டு, என் பாயிலயே படுத்துக்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் சுகந்தி தட்டைக் கழுவற சத்தம் கேக்கும், ஒரே தட்டை ரொம்ப நேரமாக் கழுவுவா.

ஞாயித்துக்கிழமையானா பூபதி அதைக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போவான். கடை வாசல்ல அந்தத் துணிக்கு முன்னால போய் நிக்கும். போட்டோ எடுக்கறப்ப கீழ நின்ன புள்ளையைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பில்லீங்களா அது, அதனால பத்தடி உயரத்துல இருந்து அந்தக் கண்ணு கீழ, சரியா ஒரு ஆறு வயசுப் புள்ள உயரத்துக்குத்தான் பாக்கும். அது நின்னு, டீச்சர் அடிச்சது, பென்சில் தொலைஞ்சது, பல்லு விழுந்தது எல்லாத்தையும் சொல்லும், சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு காது குடுத்துக் கேக்கும். கூட்டம் கூடும். பாக்கற பொம்பளைங்க கண்ணைத் தொடச்சுட்டே உள்ள போய்ச் சேலை எடுப்பாங்க. கடைக்காரங்க புள்ளைக்கு ஒரு ஸ்டூலும், வந்தா ஒரு சாக்லேட்டும் ஏற்பாடு பண்ணிட்டாங்க.

ஒரே ஒரு தடவை சுகந்தியும் கூடப் போனா. பஸ்ல மூணு பேர் சீட்டுல புள்ள நடுவுல உக்கார மாட்டேன்னு அப்பனுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. கடை வாசல்ல அவ தன் முகத்தைப் பாத்தா, புள்ளையோட ஸ்டூல்ல ஏறி எட்டி அந்தக் கன்னத்துல கையை வெச்சா. செக்யூரிட்டி, “ஏம்மா, துணியைத் தொடாதீங்க, அழுக்காயிரும்”னான். புள்ள திரும்பி, அவன் சொன்னதைவிடச் சத்தமா, “எங்கம்மாவைத் தொடாதீங்க!”ன்னுச்சு.

மறுநாள் அவ ஓனர் ரூமுக்குப் போனா. நானும் கூடப் போனேன்.

“சார், அந்தத் துணி எனக்கு வேணுங்க சார்.”

“அது கடைக்காரங்க சொத்தும்மா. சரி, வாங்கியே குடுக்கறேன்னு வெய்யி. வெச்சுட்டு என்ன பண்ணுவே?”

“திருப்பி ஏத்த முடியாதுங்களா சார்? பேப்பர்ல இருந்து துணிக்குப் போச்சே, துணில இருந்து...”

ஓனர் பாவப்பட்ட மாதிரி தலையை ஆட்டினாரு. “எத்தனை வருசமாச்சு இங்க வேலைக்கு வந்து? பேப்பர்ல இருந்து துணிக்குப் போகும். துணில இருந்து எங்கயும் போகாது. தொவைச்சாலும் போகாது, வெயில்ல போட்டாலும் போகாது. அதுதானே சுகந்தி நம்ம கேரண்டி.”

அவ வந்து உருளைல நின்னுட்டா. அதுக்கப்புறம் அவ துணியைக் கேக்கவே இல்லை. ஒரு நாள் மட்டும் என்கிட்ட, “அக்கா, அவ என்னை ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்புட்டாப் போதுங்க்கா, வேற ஒண்ணுமே வேண்டாம்”னா. அழுதாளான்னு தெரியல, அந்த மூஞ்சில தண்ணி நின்னாத் தெரியாது.

எட்டு மாசம் போச்சு. கடைக்காரங்களுக்கு ஒரு யோசனை வந்துச்சு. அம்மா ஃப்ரேமுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஃப்ரேம், அதுல பட்டுப்பாவாடை கட்டி அந்தப் புள்ள அம்மாவை அண்ணாந்து பாக்கற மாதிரி. ஓனர் பூபதியைக் கூப்புட்டுக் கேட்டாரு. பூபதி முடியவே முடியாதுன்னான். அப்புறம் புள்ள, “நானும் எங்கம்மா பக்கத்துல நிக்கோணும், நானும் நிக்கோணும்”னு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமக் கெடந்துச்சு. உருளை ஓடற அன்னைக்குப் புள்ள கம்பெனிப் பக்கமே வரக்கூடாது, பள்ளிக்கூடத்துல இருக்கோணும், அப்ப வெறும் படந்தானே வரும், ஒண்ணும் ஆகாதுன்னு நாங்க எல்லாரும் சேந்து சொல்லி, பூபதி சரின்னு தலையை ஆட்டினான். சுகந்தியை யாரும் கேக்கல. கேட்டாலும் அவ மூஞ்சில இருந்து என்ன பதிலைக் கண்டுபிடிக்கறது?

பட்டுப்பாவாடை கட்டிப் போட்டோ எடுத்தாச்சு. உருளை ஓடற அன்னைக்குக் காலைல அந்தப் புள்ளைக்கு நான்தான் தலை சீவி, ரிப்பன் கட்டி, வேன்ல ஏத்தி விட்டேன். பத்து மணிக்கு சுகந்தி ஒரு அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டு வெளிய போனா. திரும்பி வர்றப்ப ரெண்டடி தள்ளிப் பின்னாலயே புள்ள. பள்ளிக்கூட யூனிஃபார்ம் இல்ல, பட்டுப்பாவாடை.

நான் கைல இருந்த துணியைப் போட்டுட்டுக் கேட்டேன், “சுகந்தி, புள்ளைய எதுக்குடி இங்க கூட்டிட்டு வந்தே?”

“இவதான் பாக்கோணும்னு சொன்னாக்கா.”

“அம்மாகிட்ட நான் போறதைப் பாக்கோணும்”னுச்சு புள்ள, என்னைப் பாத்து, ரெண்டு புதுப் பல்லு தெரியச் சிரிச்சுட்டு.

பேப்பரும் துணியும் உருளை வாசல்ல மாட்டி ரெடியா இருந்துச்சு. உயரம் எட்டாம புள்ள எக்கி எக்கிப் பாத்துச்சு. சுகந்தி குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டினா. எட்டு மாசமா அந்தக் கை பட்டாலே சுருண்டுக்கற புள்ள, பாக்கற ஆசைல, மறந்தாப்புல தாவி அவ இடுப்புல ஏறி உக்காந்துச்சு. சுகந்தி ஒரு நிமிஷம் அப்படியே நின்னா, புள்ள பாரத்தை இடுப்புல வாங்கிட்டு. தலைக்கு மேல எங்க செவப்பு போர்டு, எலுமிச்சம்பழம், மொளகாய் எல்லாம் தொங்குது. எனக்கும் அவளுக்கும் நடுவுல பத்தடி. என் வாய் தொறந்துதான் இருந்துச்சு. அவ திரும்பி என்னைப் பாத்தா.

அந்த மூஞ்சில என்ன இருந்துச்சுன்னு தெரியல, அதனால பேசாம நின்னுட்டேன்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். பொய்யிங்க. எனக்குப் புரிஞ்சுது, நல்லாப் புரிஞ்சுது. எட்டு மாசமா அந்தத் தட்டைக் கழுவற சத்தத்தைக் கேட்டவ நான். கூப்புட்டிருந்தா நின்னிருப்பாளோ என்னமோ. கூப்புடல. அவ ஒத்தைக் கையால துணியைத் தள்ளி விட்டா, இன்னொரு கையால புள்ள முகத்தை அனலுக்கு நேரா, ஆசையா, மெதுவாத் திருப்பிப் பிடிச்சா.

துணி நல்லா வந்துச்சு. பாக்கறவங்க கையை நீட்டித் தூக்கிக்கலாம் போல வந்துச்சு.

புள்ள முதல்ல தன் மூஞ்சியைத் தொட்டுப் பாத்துச்சு, அப்புறம் சுகந்தி மூஞ்சியைத் தொட்டுப் பாத்துச்சு, ரெண்டையும் மாத்தி மாத்தித் தொட்டுச்சு. கத்தல. பயப்படல. வழுக்கிட்டே போற அந்த ரெண்டு மூஞ்சியும் ஒண்ணையொண்ணு எப்படிப் பாத்துக்குச்சோ, அது அவங்களுக்குத்தான் தெரியும். “அம்மா”ன்னுச்சு. சொல்லிட்டு, அவ தோள்ல சாஞ்சு, பசிக்குதுன்னு அழுதுச்சு.

சாயங்காலம் துணியை எடுக்க வந்த பூபதி தரைல உக்காந்து தலைல தலைல அடிச்சுக்கிட்டான். ஆனா மறுநாள் கடைக்காரங்க காத்துட்டு இருந்தாங்க, போனான், நாலு மூலையையும் அமுக்கி மகளையும் ஏத்தினான். அதுக்கப்புறம் அவன் திருப்பூர் வர்றது கொறைஞ்சு போச்சு. அந்தக் கடைலயே செக்யூரிட்டி வேலை கேட்டு வாங்கிட்டு, வாசல்ல அந்த ரெண்டு ஃப்ரேமுக்கும் நடுவுல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டான். குடும்பத்தை விட்டுட்டு ஓடிட்டான்னு அவனைத் திட்டக்கூட முடியாது, குடும்பத்தோடதான் இருக்கான்.

இங்க ஞாயித்துக்கிழமை யாரும் கோயமுத்தூர் போகோணும்னு கேக்கறதில்லை. சுகந்தி ஊட்டறா, புள்ள தின்னுது. சுகந்தி தலை சீவறா, புள்ள மடிலயே தூங்கிருது. பள்ளிக்கூடத்துல அதைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க, டீச்சருக்குப் பேரு ஞாபகம் வர்றதில்லையாம். போன வாரம் எங்க லைன்ல புதுசாக் குடி வந்த பொம்பளை, விவரம் ஒண்ணும் தெரியாம, குழாயடில இவங்க ரெண்டு பேரும் குடத்தோட வர்றதைப் பாத்துட்டு, மனசு நெறைஞ்சு சொன்னா, “ஏனுங்க்கா, உங்க மகளா? அப்படியே உங்க சாடைங்க!”

“ஆமாங்க”ன்னா சுகந்தி. அந்தக் குரல்ல இருந்தது பெருமை. நான் குடத்தை அப்படியே வெச்சுட்டு வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன்.